நின்று போகாத ஒன்று

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டைத் தொடங்கக் காரணம் ஆபீஸ் கம்ப்யூட்டர். அதன் மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வழக்கென்றால் சாட்சி வேண்டும். இனி யார் என்ன சொன்னார்கள், நான் என்ன செய்தேன் என்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். ஜெயிப்பது அதுவா நானா, பார்த்துவிடலாம்.

காலை ஆறு மணி ஷிப்டுக்குச் சுடலைமுத்து வந்து நின்றார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. எட்டு மெஷினிலும் ஆள் படுத்தாயிற்று. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒரு நாள் தள்ளுவது விளையாட்டுக் காரியமா? மத்தியானம் ஒரு மணி வரை, முகமும் காலும் வீங்கிப்போய், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போன வாரம் நாள் மாற்றிக் கேட்டார், நான் ஏற்றினேன். நிச்சயமாக ஏற்றினேன். அந்தச் சனியன் பிடித்த பெட்டி விழுங்கிவிட்டது. ஜூனிலிருந்து இது மூன்றாவது தடவை.

பாளையங்கோட்டையில் இந்த மையத்தை அறக்கட்டளை தொடங்கிய நாளிலிருந்து, இருபத்தோரு வருடமாக, யாருக்கு எந்தக் கிழமை எந்த ஷிப்ட் என்பது என் பொறுப்பு. இன்றைக்கு அறுபத்திரண்டு பேர். போனில் யாராவது நாள் மாற்றச் சொன்னால் நான் துண்டுச் சீட்டில் கிறுக்கி வைக்கிற ஆள் இல்லை. காதில் வாங்கினால் வாங்கியதுதான். கை ஒழியும்போது உட்கார்ந்து ஏற்றிவிடுவேன். "வடிவக்கா மண்டைதான் எங்க கம்ப்யூட்டர்" என்று எல்லாரும் சொல்வார்கள். சண்முகவடிவு என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான்.

செயலாளர் தேவசகாயம் சாரிடம் போய்க் கத்திவிட்டேன். பாவம், அவர் கோபப்படவில்லை. "பதினோரு வருசப் பெட்டிம்மா. மாத்திருவோம். மூணு கடையில கொட்டேஷன் வாங்குங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம், தெனமும் வேல பாக்கணும், நின்னு போகக் கூடாது. நின்னு போகாத ஒண்ணா நீங்களே பாத்து எடுங்க" என்றார்.

எடுக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மைதீன் மேலப்பாளையத்திலிருந்து வந்தார். பெட்டியைக் கழற்றி, ஊதி, துடைத்து, ஒரு மணி நேரம் பார்த்தார். அதன் நெற்றியில் பதினோரு ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனம் குங்குமம் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து கிடக்கிறது. அதை மட்டும் துடைக்க விடவில்லை. வழக்கு வேறு, பூஜை வேறு.

"வேகம் கொறஞ்சிருக்குக்கா. ஆனா பைலு எதுவும் அழியல. பழையது எல்லாம் அப்படியே கெடக்கு."

"அப்ப சுடலைமுத்து பேரு எங்க?"

"ஏத்துனிய, சேமிச்சியளா?"

என்னிடமே கேட்கிறார்! இவர் மீசை முளைக்காத காலத்தில் நான் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். முறைத்தேன். காபி வரவழைத்துக் கொடுத்தேன். போய்விட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜங்ஷன் பக்கத்துப் பெரிய கடை. உள்ளே ஏசி, பாட்டு, கலர் கலராக எரியும் கீபோர்டு. விற்பனையாளர் என்னைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன் நிறுத்தினார். உள்ளே நீல விளக்குச் சுற்றியது. "எந்த கேமும் ஓடும் மேடம்" என்றார். டயாலிசிஸ் பட்டியலுக்கு எதற்கய்யா கேம் என்றேன். சிரிக்கக்கூட இல்லை.

நான் கேட்ட கேள்விகளை எழுதி வைக்கிறேன். கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? கெட்டுப்போனால் ஆள் எங்கள் இடத்துக்கு வருமா, நான் சுமந்துகொண்டு வரவேண்டுமா? மூன்று வருட வாரண்டியில் எதெல்லாம் சேராது? ஐந்து வருடம் கழித்து இதற்குப் பாகம் கிடைக்குமா? தமிழில் அடிக்கலாமா? முதல் கேள்விக்கே அவர் வேறு ஒருவரைக் கூப்பிட்டார்.

கொட்டேஷன் ஒன்று வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரெங்கநாயகி அம்மாள் போன். வியாழன் காலைக்குப் பதில் சாயங்கால ஷிப்ட் வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து ஏற்ற வேண்டும்.

டீ பாயசம் மாதிரி இருந்தது. சர்க்கரை நோயாளிகள் வருகிற இடம் என்று கேண்டீன்காரருக்கு எத்தனை தடவை சொல்வது?

என்னோடு வேலை பார்க்கும் பிரிசில்லாவுக்கு இருபத்தாறு வயது. அடக்கமான பெண்தான், ஆனால் கொஞ்ச நாளாக ஐந்து மணிக்குக் கிளம்புவதில்லை. "நீங்க போங்கக்கா, நான் பூட்டிட்டு வாறேன்" என்கிறாள். யாரோடாவது போனில் பேசுகிறாள் போல. வயசு அப்படி. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பட்டியல் சரியாக இருந்தது. பெட்டிக்கு இன்று நல்ல புத்தி.

வீட்டில் அஞ்சறைப் பெட்டியை நிரப்ப அலமாரியைத் திறந்தால் மூன்று பாக்கெட் கடுகு! வீட்டுக்காரரைக் கேட்டேன். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இவருக்குக் கடைக்குப் போவதுதான் பொழுதுபோக்கு. "நான் வாங்கலையே வடிவு" என்றார். பின்னே கடுகு தானே நடந்தா வந்தது?

ஆகஸ்ட் 20, புதன்

இரண்டாவது கடை. திரையும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் ஒன்றைக் காட்டினார்கள். அழகுதான், மேஜையும் அடைக்காது. ஆனால் ஒன்று கெட்டால் இரண்டும் போய்விடும். வேண்டாம் என்றேன். திரை தனி, பெட்டி தனி, கீபோர்டு தனி. எது பழுதோ அதை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை வைத்து வேலை பார்க்க வேண்டும்.

திரும்பும்போது கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தைக் கூவவே இல்லை. கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். அங்கே இறங்கி நின்றபோது எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. வெயில். இவரைப் போனில் கூப்பிட்டேன், வந்து கூட்டிப்போனார். வழியெல்லாம் பேசவில்லை. கூப்பிட்டது சிரமமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முடிவெடுத்துவிட்டேன். மூன்றாவது கடை, மைதீனுக்குத் தெரிந்தவருடையது. பெயர் பெற்ற கம்பெனியின் ஆபீஸ் மாடல். கறுப்புப் பெட்டி, விளக்கும் இல்லை ஜிகினாவும் இல்லை. பதினாறு ஜிபி மெமரி. சுழலாத வகை டிஸ்க். தூக்கிப் போட்டாலும் பைல் போகாதாம். பழுதென்றால் மறுநாள் ஆள் நம் இடத்துக்கு வரும், மூன்று வருடம். கரண்ட் போனால் அரை மணி நேரம் தாங்க யுபிஎஸ். தினமும் சாயங்காலம் எல்லாப் பைலும் இன்னொரு டிஸ்கில் தானாகவே நகலாகிவிடும்.

இவ்வளவும் சரி, இன்னொன்று கட்டாயம் வேண்டும் என்றேன். பட்டியலில் யார், எந்த நேரத்தில், எந்தப் பெயரை ஏற்றினார்கள், எடுத்தார்கள் என்று மெஷினே குறித்து வைக்க வேண்டும். எனக்கும் பிரிசில்லாவுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு.

"அது எதுக்குக்கா?" என்றார் மைதீன்.

"நாளைக்கு இதுவும் முழுங்கிச்சுன்னா காட்டணும்லா."

அவர் ஏதோ சொல்ல வந்து, பிறகு "செஞ்சிருதேன்" என்றார்.

கம்ப்யூட்டர் வாங்கும் விண்ணப்பத்தில் 'பயன்படுத்துபவர்' என்ற இடத்தில் என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

வந்துவிட்டது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட்டேன். பத்து விநாடியில் திரை வந்துவிட்டது. பழையதில் அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். பழையதை மைதீன் தூக்கிப் போகும்போது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. திட்டினாலும் பதினோரு வருடம் எதிரில் இருந்த முகம்.

வரும் வழியில் கடுகு வாங்கினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஒரு தவறும் இல்லை. நான் அப்போதே சொன்னேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டு வாரம். ஒரு பெயர் தப்பவில்லை. தேவசகாயம் சார் எல்லார் முன்னாலும் "வடிவம்மா தேர்வு தப்புமா?" என்றார். பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டு கை தட்டினாள்.

திங்கள் முதல் சனி வரை அவள் லீவு. தூத்துக்குடியில் அக்கா கல்யாணம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, யாரு என்ன சொன்னாலும் அப்பமே ஏத்திருங்க, என்ன? பெறவுன்னு வைக்காதிய" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பிள்ளை எனக்கு வேலை சொல்லித் தருகிறது! போய்க் கல்யாணத்தைப் பாரு என்று அனுப்பினேன்.

செப்டம்பர் 17, புதன்

இசக்கியம்மாள் போன். சனிக்குப் பதில் வெள்ளி வேண்டும். சனிக்கிழமை மகள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, பிள்ளை நாடகத்தில் ராணி வேஷமாம். வெள்ளிக்கிழமை ஒரு இடம் இருக்கிறது, வா என்றேன். "நீங்க சொன்னா சரிதாங்கா" என்றாள். சாப்பிட்டு வந்து ஏற்ற வேண்டும்.

இன்று அவரைக்காய்ப் பொரியல். தாளிதம் காரல். இவருக்குக் கடுகு மேல் என்ன ஆசையோ, அலமாரியில் ஐந்து பாக்கெட்!

செப்டம்பர் 19, வெள்ளி

இசக்கியம்மாள் மூன்றடைப்பிலிருந்து பஸ் ஏறிக் காலையிலேயே வந்துவிட்டாள். பட்டியலில் பெயர் இல்லை. இருந்த ஓர் இடத்தையும் நேற்று வேறொருவருக்குக் கொடுத்திருந்தேன். "உனக்கு நாளைக்குத்தானே?" என்றேன். "போன்ல சொன்னேனேக்கா" என்றாள். நாளைக்கு வர முடியாது, பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். திங்கட்கிழமை காலை போட்டுக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை செய்தது, ஆறு நாள் இடைவெளி. தண்ணீரைக் குறைத்துக் குடி என்று சொல்லி அனுப்பினேன்.

புதுப் பெட்டியும் இப்படியா? மைதீனை வரச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் தேவசகாயம் சார் போன் செய்தார். இசக்கியம்மாளுக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது.

போனேன். இவரும் கூட வந்தார். அவசரப் பிரிவின் வெளியே அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. பத்து வயசு. ராணி வேஷத்துக்குப் போட்ட மருதாணி கையில் சிவப்பாக இருந்தது. கன்னத்தில் ரோஸ் பவுடர் சரியாகப் போகவில்லை. "அம்மா நாடகம் முழுசும் பாத்தாங்க" என்றது என்னிடம். அதன் தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்து கண் திறந்தாளாம். பிழைத்துக்கொண்டாள். கடவுளே, பிழைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 22, திங்கள்

மைதீன் வந்தார். தேவசகாயம் சாரும் என் மேஜை அருகே வந்து நின்றார். பிரிசில்லா லீவு முடிந்து வந்திருந்தாள். மைதீன் மெஷின் குறித்து வைத்திருப்பதைத் திறந்து பார்த்தார். கீழே போனார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார்.

"என்ன மைதீன், முழுங்கிருக்கா?" என்றேன்.

"மெஷின்ல ஒண்ணுமில்லக்கா" என்றார் மெதுவாக. "புதன்கிழம இசக்கியம்மா பேருல ஒண்ணும் ஏத்தல."

நான் பிடித்தேன் பாருங்கள் ஒரு பிடி. கமிஷன் வாங்கிக்கொண்டு ஓட்டைப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டாய் என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். செப்டம்பர் ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஐந்தே காலுக்குப் பிறகு பிரிசில்லா பெயரில் வரிசையாகத் திருத்தம். இரண்டு பெயர், மூன்று பெயர், ஒரு நாள் ஐந்து பெயர்.

"என்னத்தடி திருத்துன?" என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதால்? குற்றம் செய்தவள் அழத்தான் செய்வாள். நாளைக்கு என் நோட்டைக் கொண்டு வருகிறேன், அதில் எல்லாம் தேதி வாரியாக இருக்கிறது என்று சாரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கொண்டு போனேன். சார் அறையில் அதே மூன்று பேரும் இருந்தார்கள். 'செப்டம்பர் 17, புதன்' என்று எடுத்து, நிமிர்ந்து நின்று, சத்தமாக வாசித்தேன்.

இசக்கியம்மாள் போன். சனிக்குப் பதில் வெள்ளி. சாப்பிட்டு வந்து ஏற்ற வேண்டும்.

அடுத்த வரியைத் தேடினேன். அவரைக்காய்ப் பொரியல். கடுகு. பக்கத்தைத் திருப்பினேன். ஏற்றினேன் என்று எங்கும் இல்லை.

சத்தம் நின்றுபோயிற்று. நின்றபடியே முன்னால் திருப்பினேன். ரெங்கநாயகி அம்மாள், டீ குடித்துவிட்டு வந்து ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு பாயசம் மாதிரி டீ. ஏற்றினேன் என்று அங்கேயும் இல்லை. ஆனால் அந்த வியாழன் பட்டியல் சரியாக இருந்தது. பிரிசில்லாவைப் பார்த்தேன்.

"நான்தாங்கா ஏத்துனேன். நீங்க போன்ல பேசுறது எனக்கும் கேக்கும்லா. நீங்க போன பெறவு பாப்பேன், விட்டிருந்தா போட்டுருவேன். எங்காதுல விழாம போனதுதான் தப்பிருச்சு."

"எப்ப இருந்து?"

"பொங்கல்ல இருந்து."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்பிடிக்கா சொல்லுவேன்? நீங்கதான எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது."

மைதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஒரு மணி நேரம் துடைத்தாரே, பெட்டியில் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை என்று.

தேவசகாயம் சார் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இசக்கியம்மா வீட்டுல கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிருக்கு. அப்படியே இருக்கட்டும். நீங்க லீவு போட்டு டாக்டரப் பாருங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. இருபத்தோரு வருடத்துக்காகச் சொன்னார்.

மைதீனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றார். பிரிசில்லாவிடம் கேட்க வாய் வரவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

டாக்டர் கிழமை கேட்டார், ஊர் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மூன்று வார்த்தை சொல்லி, பேச்சுக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்டார். இரண்டு சொன்னேன். ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுத்தாயிற்று, முடிவு வரட்டும்.

வீட்டுக்கு வந்து, அங்கே கூட இருந்த இவரிடம் மூன்றாவது வார்த்தை என்ன என்று கேட்டேன். "எலுமிச்சம்பழம்" என்றார். பிறகு, "அன்னைக்கு பஸ்ல இருந்து இறங்கி நின்னியே, அப்பமே சொல்லிருக்கணும் வடிவு. பயமா இருந்துச்சு" என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் இவர் பயம் என்று சொல்லி இன்றுதான் கேட்கிறேன். இரண்டு பேரும் அழுதோம். பிறகு தோசை வார்த்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். எட்டு டயாலிசிஸ் மெஷினுக்கும் பொட்டு, கதவுக்கு மாவிலை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கப் பிரிசில்லா என்னிடம் கிண்ணத்தை நீட்டினாள். அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண், இதெல்லாம் என் வேலை என்று விட்டுவைத்திருந்தாள். வைத்தேன். கீபோர்டின் முன் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த விண்ணப்பத்தின் நகலை எடுத்துத் தரச் சொன்னேன். 'பயன்படுத்துபவர்' என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு பிரிசில்லாவின் பெயரை எழுதினேன். என் பாஸ்வேர்டை எடுத்துவிடு என்று அவளிடம் சொன்னேன். மாட்டேன் என்றாள். எடு என்று ஒரு அதட்டல் போட்டேன். அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

போன் பேசி முடிப்பதற்குள் ஏற்ற வேண்டும். ஏற்றியதைப் போனிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ரிசீவரை வைக்க வேண்டும். கார்டில் பெரிதாக எழுதித் திரையின் கீழே ஒட்டினேன்.

அக்டோபர் 4, சனி

இசக்கியம்மாளின் சனிக்கிழமை. அவளைப் பார்க்கத்தான் போனேன். ஆள் பாதியாகிவிட்டாள். என்னைக் கண்டதும் சிரித்து, "அக்கா, அந்தக் கம்ப்யூட்டர மாத்திட்டியளா? சனியன், கொன்னு போட்டிருக்கும்" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாரும் அதைத்தான் சொல்லச் சொன்னார்.

"கம்ப்யூட்டர் இல்லம்மா. அது நல்லாத்தான் இருக்கு. நீ போன்ல சொன்னத நான்தான் மறந்துட்டேன். வெள்ளிக்கெழம உன்னத் திருப்பி அனுப்புனதும் நான்தான். எனக்கு இப்பம் ஞாபகம் நிக்க மாட்டேங்குது."

அவள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசி ஏறிய கையை அசைக்க முடியாததால் மற்றக் கையால் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து போகவில்லை. திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். திட்டவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பம் இனி யாருகிட்டக்கா சொல்லணும்?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரிசில்லாவைக் காட்டினேன். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தட்டிக்கொண்டே, யாருக்கோ வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இவர் வாசலில் காத்திருந்தார். சேர்ந்து நடந்தோம். மளிகைக் கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. நானே நகர்ந்தேன்.

கடுகு வீட்டில் ஏழு பாக்கெட் இருக்கிறது. எல்லாம் நான் வாங்கியது. இனி வாங்க வேண்டாம்.